நாலெழுத்தும் ஒன்பது எண்ணும்: ஆளுமை வகையை வைத்து உங்களை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

கொடைக்கானலுக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து, தன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்று மலையேறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெருமாள்மலையில் இறங்கி போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்துக்குப் போகிறவர்கள், செண்பகனூர்ப் பக்கம் கிறிஸ்தவத் தியானத்துக்கு வருகிறவர்கள், குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் என்று பல ரகம். இவர்களில் இளவயசுக்காரர்கள் பலர் இப்போது கையோடு ஒரு நாலெழுத்தையோ ஓர் எண்ணையோ கொண்டுவருகிறார்கள். “நான் ஐ.என்.எஃப்.ஜே.”, “எனக்கு எனியகிராமில் நாலு”. முதலாவது, ஆளுமையைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ. தேர்வு தரும் நாலெழுத்து; இரண்டாவது, ஒன்பது வகையாகப் பிரிக்கும் எனியகிராம் தரும் எண். ராசி நட்சத்திரம் கேட்ட இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. ஒழுங்காகக் கையாண்டால் ஆத்ம சோதனைக்கு இது நல்ல கருவி. ஆனால் பெரும்பாலோர் ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அதைப் பதிலாக வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். என் கட்சி இதுதான்: உங்கள் வகையை உங்கள் மேல் நீங்களே போடும் ஒரு சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தேகத்தை முதலில் போட வேண்டிய இடம் உங்கள் கெட்ட குணம் இல்லை, ஊர் உங்களை எதற்காக மெச்சுகிறதோ அந்தக் குணம்.

எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம்

நாலெழுத்துக்கு மூலம் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். அகமுகம், புறமுகம், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்று மனிதர்களைப் பிரித்து 1921-ல் அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேள்வித்தாளாக்கத் தொடங்கினார்கள். அதுதான் பதினாறு வகை கொண்ட எம்.பி.டி.ஐ. அம்மா, மகள் இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை.

எனியகிராம் வேறு வழியில் வந்தது. வட்டத்துக்குள் ஒன்பது முனை கொண்ட அந்தப் படத்தைக் குர்ஜீஃப் என்ற ஆன்மிக ஆசிரியர் முன்பே தன் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதோடு ஆளுமையை இணைத்தவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாசோ. சிலி நாட்டின் அரிக்கா நகரத்தில் 1970-ல் அவரிடம் கற்றுக்கொண்ட கிளாடியோ நரன்ஹோ என்ற மனநல மருத்துவர் கலிஃபோர்னியாவில் வகுப்பெடுக்க, அங்கிருந்து இயேசு சபைக் குருக்கள் சிலர் மூலமாகத் தியான இல்லங்களுக்குள் நுழைந்தது. பின்னால் அதே சபையில் முணுமுணுப்பும் வந்தது, 2003-ல் வத்திக்கான் வெளியிட்ட ஓர் ஆவணம், ஆன்மிக வளர்ச்சிக்கு இதைப் பயன்படுத்துவது விசுவாசத்தில் குழப்பம் தரும் என்று எச்சரித்தது. ‘ஆயிரக்கணக்கான வருஷத்துப் பரம ரகசியம்’ என்று யாராவது வகுப்புக்குக் காசு கேட்டால் நம்பாதீர்கள். பழசு என்று சொல்ல வேண்டுமானால் உள்ளிருக்கும் சரக்கைத்தான் சொல்லலாம். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, தனிமையில் உட்கார்ந்தவனைப் பிடிக்கும் எட்டுவகைத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதிலிருந்து திருச்சபையின் ஏழு தலையான பாவங்கள் பிறந்தன. அந்த ஏழோடு பயத்தையும் பொய்த்தோற்றத்தையும் சேர்த்தால் எனியகிராமின் ஒன்பதும் வந்துவிடும்.

எனக்கு எனியகிராம்தான் ஒரு படி மேல். காரணம் எளிது. நாலெழுத்து எல்லாரையும் பாராட்டுகிறது, ஒன்பது எண் குற்றத்திலிருந்து தொடங்குகிறது. அறிவியல் என்று பார்த்தால் இரண்டுமே பலவீனம்தான். எம்.பி.டி.ஐ.-யைச் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது, ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து பெரும் பண்புகள் என்கிற வேறு அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள். அதனால் வேலைக்கு ஆள் எடுக்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ இதை நம்பாதீர்கள். ஆத்ம சோதனைக்கு வகை துல்லியமாக இருந்தாக வேண்டும் என்றில்லை. கேள்வி கூர்மையாக இருந்தால் போதும்.

முதல் வேலை: கேள்வித்தாளை மூடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் தேர்வில் நாம் டிக் அடிப்பது நாம் யாராக இருக்க ஆசைப்படுகிறோமோ அவரைத்தான். அதுவும் போக, எந்த வகையைப் படித்தாலும் ‘அட, என்னைப் பற்றியே எழுதியிருக்கே’ என்று தோன்றும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனியாக முடிவு கொடுப்பதுபோல் எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அதில் இருந்த வரிகள் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டதற்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். நம் ஊர் வார ராசிபலன் வண்டி ஓடுவதும் இந்தப் பெட்ரோலில்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒன்பதையும் நிதானமாகப் படியுங்கள். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று துடித்து, உள்ளே கோபத்தை அடக்கி வைத்திருப்பது ஒன்று. கேட்காமலே உதவி, கொடுத்ததை மனசுக்குள் கணக்கு வைத்திருப்பது இரண்டு. ஜெயிக்கிறவனாகத் தெரிவதற்காக எந்த வேஷமும் கட்டுவது மூன்று. மற்றவர்களுக்குக் கிடைத்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று ஏங்குவது நாலு. நேரத்தையும் அறிவையும் தன்னையும் யாருக்கும் கொடுக்காமல் பதுக்குவது ஐந்து. எது தப்பாகப் போகும் என்றே யோசிப்பது ஆறு. வலி வருமுன் அடுத்த சந்தோஷத்துக்குத் தாவுவது ஏழு. எதிலும் அளவு மீறி, யாருக்கும் அடங்காமல் இருப்பது எட்டு. சண்டை வரக்கூடாது என்று தன்னையே தூங்கப் போடுவது ஒன்பது.

இதில் எதைப் படித்தபோது சந்தோஷப்பட்டீர்களோ அதை விடுங்கள். எந்த வரியை வேகமாகத் தாண்டினீர்களோ, எதைப் படித்ததும் ‘இது நான் இல்லை, என் தம்பி’ என்று தோன்றியதோ, அங்கே திரும்பிப் போங்கள். உங்கள் எண் அதுதான், தேர்வு முடிந்தது. இறக்கை, அம்புக்குறி என்று இன்னும் நிறைய வைத்திருக்கிறார்கள், ஆரம்பத்தில் அதெல்லாம் வேண்டாம், படிக்கப் படிக்கப் படிப்பே ஒரு தப்பிக்கும் வழியாகிவிடும்.

வரிசையில் நின்று பாருங்கள்

எண் சரியா என்று பார்க்கத் தியான அறையைவிட நல்ல இடம் பழனி மலைக்கோயில் வரிசை. கூட்டமான ஒரு நாளில் பொது தரிசன வரிசையில் நில்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, வெயிலில் கால் கடுக்கும்போது, யாரோ ஒரு குடும்பம் “எங்க ஆளு முன்னாடி நிக்கிறாங்க” என்று கம்பிக்கு அடியில் நுழையும். அந்த நொடியில் உங்களுக்குள் எது முதலில் எழுந்தது என்று பாருங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அப்புறம்.

ஒருவருக்கு நெஞ்சு கொதிக்கும், நுழைந்தவர்களைவிட, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மற்றவர்கள் மேல் கோபம் அதிகம். இன்னொருவர் அதைக் கவனிக்கவே இல்லை, பக்கத்தில் இருக்கும் பாட்டிக்குத் தண்ணீர் பாட்டில் திறந்துகொடுத்துவிட்டு, பாட்டி ஒரு நன்றிப் பார்வை பார்க்கவில்லையே என்று லேசாக வாடுவார். ஒருவர் கட்டண தரிசன டிக்கெட் எங்கே என்று ஏற்கெனவே விசாரித்திருப்பார். ஒருவர் கூட்ட நெரிசலில் வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்திருப்பார். இன்னொருவர் உடம்பை மட்டும் வரிசையில் விட்டுவிட்டு மனசால் ரோப் காரிலும் பஞ்சாமிர்தக் கடையிலும் சுற்றிக்கொண்டிருப்பார். ‘பரவாயில்லை, போகட்டும், முருகன் எங்கே ஓடப் போறான்’ என்று சிரிப்பவர் ஒருவர். அவர் ஞானியாகவும் இருக்கலாம், தனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோனவராகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கவனித்தீர்களா, இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. நியாயம், கருணை, சாமர்த்தியம், ஜாக்கிரதை, உற்சாகம், பொறுமை எல்லாம் நல்ல சரக்கு. முக்குணம் பற்றிப் பேசும் கீதையின் 14-ஆம் அத்தியாயம், வேகமான ரஜசும் மந்தமான தமசும் கட்டும் என்று சொல்வதோடு நிறுத்தவில்லை. தெளிவான சத்துவமும் கட்டும், சுகத்திலும் ஞானத்திலும் பற்று வைக்கச் செய்து கட்டும் என்கிறது. முடிச்சு அங்கேதான். சைவ சித்தாந்தக்காரர்கள் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைச் சொல்வார்கள், வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்போடு கூடவே இருப்பது. உங்களை எதற்கு மெச்சுகிறார்களோ அந்தக் குணத்தைத் தேய்த்துப் பார்த்தால் அடியில் பச்சையாக ஏதாவது தெரியும்.

எண்ணைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘நான் ஐந்து’ என்று நோட்டில் எழுதிவைப்பதால் ஒன்றும் ஆகாது. ‘இன்று யாரிடம் எதைப் பதுக்கினேன்?’ என்று எழுதுங்கள். இரண்டு என்றால், ‘இன்று யாருக்குச் செய்ததை மனசுக்குள் பில் போட்டேன்?’ மூன்று என்றால், ‘யார் முன்னால் குரலை மாற்றினேன்?’ ஒன்பது என்றால், ‘எந்த இடத்தில் சரி சொன்னேன், உள்ளே இல்லை என்று இருந்தும்?’ மற்றதை நீங்களே எழுதிக்கொள்வீர்கள். கேள்வியில் ‘இன்று’ கட்டாயம் இருக்க வேண்டும். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்ற கேள்வி அம்மா அப்பா வளர்த்த கதையில் போய் நிற்கும், அதைப் பேச வேறு இடம், வேறு ஆள் வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தினமும் எப்படிக் கேட்பது என்பதற்கு இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறார். செண்பகனூரில் 1895 முதல் அவருடைய சபைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு வருந்துவது, நாளைக்குத் தீர்மானிப்பது என்று ஐந்து படி. அதோடு, ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் துரத்தும் தனிச் சோதனையும் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போட வேண்டும், மத்தியானம் வரைக்கும் ஒன்று, ராத்திரி வரைக்கும் ஒன்று. தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. முதல் கோட்டையும் இரண்டாம் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும். நாள் நடுவே தவறியது தெரிந்த நொடியில் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளச் சொல்கிறார், கூட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சேர்த்தும் சொல்கிறார். மனுஷர் எத்தனை நடைமுறை தெரிந்தவர் பாருங்கள்.

இதற்குக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. முஸ்லிம்களிடம் முஹாசபா என்று தன் கணக்கைத் தானே பார்க்கும் வழக்கம் இருக்கிறது, இஷா என்கிற இரவுத் தொழுகைக்குப் பிறகு ஐந்து நிமிஷம் போதும். சாமி விளக்கேற்றும் வீட்டில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தே செய்யலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் நன்றியை மனுஷருக்குச் சொல்லிக்கொள்ளட்டும். கால அளவுக்கு நம் மண்டலக் கணக்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு குற்றத்துக்கு 48 நாள். முதல் சில நாளில் புள்ளிகள் கூடத்தான் செய்யும், குற்றம் கூடியதாக அர்த்தமில்லை, கண் திறந்திருக்கிறது. எண்ணிக்கை திடீரென்று பூஜ்யம் ஆனால்தான் சந்தேகப்படணும்.

பழகாத பக்கம் போங்கள்

யுங் சொன்னதில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது இது: எந்தத் திறனை நாம் வளர்க்காமல் விட்டோமோ அந்தப் பக்கத்திலிருந்துதான், அதுவும் நடுவயசுக்குப் பிறகு, வளர்ச்சி வரும். ஆனால் நாம் எல்லாரும் பிரார்த்தனையிலும் நமக்கு வசதியானதைத்தான் எடுக்கிறோம். பேசப் பிடிக்காதவர் மௌனத் தியானத்துக்கு வருவதில் என்ன சாதனை?

உதவியே வாழ்க்கை என்று இருப்பவர் பழனி அன்னதானத்தில் பரிமாறப் போகாதீர்கள். பந்தியில் உட்காருங்கள். இன்னொருவர் இலை போட, இன்னொருவர் சோறு வைக்க, ‘நான் சாம்பார் வாளியை வாங்கிக்கிறேன்’ என்று எழுந்திருக்காமல் கடைசி மோர் வரை வாங்கிச் சாப்பிடுங்கள். இது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வகைக்காரருக்குத்தான் தெரியும். ஏழுக்காரர் கொடைக்கானலில் பன்னிரண்டு இடம் பார்க்கிற வேன் பிடிக்காமல், பள்ளத்தாக்கைப் பார்த்த நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் ஒரே இடத்தில் உட்காரட்டும். வெயில் இருக்கும்போது யாரும் உட்காருவார்கள், மூடுபனி ஏறி எதிரே வெறும் வெள்ளை மட்டும் இருக்கும்போதும் எழாமல் இருப்பதுதான் பயிற்சி. தலைக்குள்ளேயே வாழ்கிறவர் இன்னொரு புத்தகம் வாங்க வேண்டாம், பழனி கிரிவீதியைச் செருப்பில்லாமல் சுற்றி வரலாம். மூன்றுக்காரர் போன இடத்தைப் படமெடுத்துப் போடாமல் ஊர் திரும்பினாலே பெரிய விஷயம்.

கூட இருப்பவரைக் கேளுங்கள்

இதைப் பெரும்பாலோர் தவிர்ப்பார்கள், ஆனால் இதில்தான் எல்லாம் வெளியே வரும். தேர்ந்தெடுத்த எண்ணைச் சொல்லாமல், அந்தக் கேள்வியை மட்டும் வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்.

பூம்பாறையில் பூண்டு போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒன்பதைப் பற்றிச் சொன்னதும், “அது நான்தாங்க, எனக்கு யாரோடும் வம்பு கிடையாது” என்றார், முகத்தில் ஒரு திருப்தியோடு. பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவே இல்லை. “ஆமாண்ணே, அவருக்கு வம்பு கிடையாது. மோட்டார் தண்ணிக்கு மேக்காட்டுக்காரன் கிட்ட யாரு போய்க் கத்துறது? நானு. கமிஷன் கடையில பாக்கி கேக்குறது? நானு. ஊரு பூரா அவரு நல்லவரு, நான் வாயாடி.” நண்பர் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தன் சமாதானத்துக்கான செலவை யார் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் அவருக்குச் சொல்லியிருக்காது.

கேட்கும்போது ஒரே நிபந்தனை, பதில் சொல்லக்கூடாது. “அப்படி இல்லடி, அன்னைக்கு என்ன நடந்ததுன்னா” என்று ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. கேட்டு, சரி என்று சொல்லி, எழுந்து போய் நோட்டில் எழுதுங்கள்.

எங்கே சறுக்கும்

அடுத்தவருக்கு எண் போடும் ஆசை முதலில் வரும். மாமியார் எட்டு, மேலாளர் மூன்று என்று ஒரு வாரத்தில் ஊரையே பிரித்துவிடுவீர்கள். கூடவே கூடாது, இது தன் முதுகைப் பார்க்கத் தெரியாதவன் ஊர் முதுகைச் சொறிகிற கதை. அடுத்தது சாக்கு: “நான் எட்டுங்க, அப்படித்தான் பேசுவேன்.” எண் சொல்லி முடித்ததும் ஒரு மன்னிப்பு வரவில்லை என்றால் அந்த எண்ணால் பயனில்லை. வகை மாறவே மாறாது என்ற எண்ணமும் அப்படித்தான். முக்குணம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் என்றுதான் நம்மவர்கள் சொன்னார்கள். பழனியிலேயே தண்டாயுதபாணி காலையில் ஆண்டி, கொஞ்ச நேரத்தில் வேடன், சாயரட்சையில் ராஜா. நாம் மட்டும் ஏன் ஒரே கோலத்தில் நிற்க வேண்டும்?

இன்னொன்று முக்கியமானது. தன்னைப் பார்ப்பது தன்னைத் திட்டுவதாக மாறி, தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் ஓடினால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம்தான், தமிழிலும் பேசலாம். மன அழுத்தத்தைத் தமோ குணம் என்றோ ஒன்பதாம் எண்ணின் சோம்பல் என்றோ பெயர் மாற்றி ஜெபத்தால் சரிசெய்கிறேன் என்று உட்காராதீர்கள்.

48 நாள் முடிந்ததும் அந்தக் குற்றத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், எண்ணையே மறந்துவிட்டாலும் நஷ்டமில்லை. நோட்டை உங்கள் குருவிடமோ ஆன்ம வழிகாட்டியிடமோ காட்டலாம், வேறு யாருக்கும் வேண்டாம்.

மலைக்கு வந்து தொடங்குவதாக இருந்தால் ஏப்ரல், மே சீசனையும் சனி ஞாயிறையும் விட்டுவிடுங்கள். சொந்த வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் வந்தால் அந்த வேலை இல்லை. வத்தலகுண்டில் கொடைக்கானல் பேருந்து வந்து நிற்கும்போது ஜன்னல் சீட்டுக்கு ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். அந்த நேரத்தில் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்து, முதல் கோட்டில் வைக்க வேண்டிய புள்ளியை அங்கேயே வைத்துவிடலாம்.